வேளாண் சூழலியல்

வேளாண் சூழலியல் என்பது விளைநிலத்தை ஒரு சூழல் மண்டலமாகக் கருதி, அதிலுள்ள பயிர், மண், நீர், பூச்சிகள், நுண்ணுயிர்கள், கால்நடைகள் ஆகியவற்றுக்கும் மனிதருக்கும் இடையேயான உறவுகளை ஆராயும் அறிவியல் துறை ஆகும். இவ்வறிவைக் கொண்டு பயிர்த்தொழிலை வடிவமைக்கும் முறையும், அதனை முன்னிறுத்தும் உழவர் இயக்கமும் இதே பெயரால் அழைக்கப்படுகின்றன.

வழக்கமான நவீன வேளாண்மையில் சத்துக் குறைந்தால் உரமும், பூச்சி வந்தால் மருந்தும் வெளியிலிருந்து கொண்டுவந்து இடப்படுகின்றன. வேளாண் சூழலியல் வேறொரு கேள்வியை எழுப்புகிறது: இச்சத்தை உண்டாக்கும் உயிரும், இப்பூச்சியை உண்ணும் உயிரும் வயலிலேயே நிலைத்து வாழ என்ன செய்ய வேண்டும்? இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையே நீடித்த வேளாண்மைக்கு இத்துறை அளிக்கும் பங்களிப்பு எனலாம். அவ்விடை இடத்துக்கு இடம் மாறக்கூடியது. அதனைக் கண்டறியக் காலமும் உழவரின் பங்கேற்பும் தேவை.

வரலாறு

உருசியாவில் பிறந்த பயிரியலாளர் பாசில் பென்சின் 1928ஆம் ஆண்டில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். தொடக்கத்தில் இது பயிர்கள் வளரும் தட்பவெப்ப, மண் நிலைமைகளைப் பற்றிய ஆய்வையே குறித்தது. செருமானிய விலங்கியலாளர் வுல்ஃப்காங் டிஷ்லர் 1965இல் இப்பெயரிலேயே ஒரு நூலை வெளியிட்டார். அதில் பூச்சிகளுக்கும் பயிர்களுக்கும் மண்ணுக்கும் இடையேயான தொடர்புகள் முதன்மை பெற்றன.

இதற்கு இணையாக, மரபுவழி வேளாண்மையை அறிவியல் நோக்கில் ஆராயும் முயற்சிகளும் நடந்தன. 1905இல் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயப் பயிரியலாளர் ஆல்பர்ட் ஓவர்டு, இந்திய உழவர்களின் முறைகளைக் கவனித்து, இந்தூரில் மட்குரம் தயாரிக்கும் முறை ஒன்றை உருவாக்கினார். மெக்சிக்கோவின் எஃப்ராயின் எர்னாண்டசு சொலோகோட்சி, தம் நாட்டுப் பழங்குடி உழவரின் பயிர்முறைகளை ஆவணப்படுத்தினார். மக்காச்சோளம், அவரைக் குடும்பப் பயறு, பூசணி மூன்றையும் ஒன்றாக விதைக்கும் மில்பா முறை அவற்றுள் புகழ்பெற்றது. மக்காச்சோளத் தண்டில் பயறுக்கொடி ஏறும். பயறின் வேர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்தும். பூசணி இலைகள் தரையை மூடிக் களையையும் நீர் ஆவியாதலையும் குறைக்கும்.

1980களில் கலிபோர்னியாவில் பணியாற்றிய மிகேல் அல்தியேரி, இசுட்டீபன் கிளீசுமன் ஆகியோரின் எழுத்துக்கள் இதனைத் தனித்துறையாக வளர்த்தெடுத்தன. அல்தியேரியின் நூல் 1983இலும், கிளீசுமனின் பாடநூல் 1998இலும் வெளிவந்தன. 2009இல் அலெக்சாண்டர் வேசலும் பிற ஆய்வாளர்களும் இச்சொல் அறிவியல், நடைமுறை, இயக்கம் என்னும் மூன்று பொருள்களில் வழங்குவதை எடுத்துக்காட்டினர்.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2014இல் உரோமில் வேளாண் சூழலியல் பற்றிய முதல் பன்னாட்டுக் கருத்தரங்கை நடத்தியது. 2018இல் அவ்வமைப்பு இதன் பத்துக் கூறுகளை வெளியிட்டது. அவற்றுள் பன்மை, மறுசுழற்சி, தாங்குதிறன் போன்ற சூழலியல் கூறுகளோடு, அறிவைச் சேர்ந்து உருவாக்கிப் பகிர்தல், பொறுப்புள்ள ஆளுகை போன்ற சமூகக் கூறுகளும் இடம்பெற்றுள்ளன.

அடிப்படைக் கருத்துக்கள்

ஒரு காட்டுக்கு யாரும் உரமிடுவதில்லை. உதிரும் இலை மட்கி மீண்டும் வேருக்கே செல்கிறது. விளைநிலம் அவ்வாறன்று. ஒவ்வோர் அறுவடையும் மண்ணிலிருந்து சத்தை வெளியேற்றுகிறது. ஆகவே விளைநிலத்தை முழுமையாகக் காடு போல் ஆக்க இயலாது. காட்டில் நிகழும் செயல்முறைகளை இயன்ற அளவு வயலில் நிகழச் செய்வதே இத்துறையின் நோக்கம்.

சத்துச் சுழற்சி

பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் இரைசோபியம் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் ஏற்கும் வடிவுக்கு மாற்றுகின்றன. நெல்வயலில் மிதக்கும் அசோலாவுக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசியும் இதே பணியைச் செய்கிறது. வைக்கோலும் கால்நடைச் சாணமும் வயலுக்குத் திரும்பும்போது வெளியேறிய சத்தில் ஒரு பகுதி மீள்கிறது. ஆயினும் மணிச்சத்து (பாசுபரசு), சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஆகியவற்றைக் காற்றிலிருந்து பெற இயலாது. விளைபொருளோடு நகரத்துக்குச் சென்ற இச்சத்துக்கள் ஏதேனும் ஒரு வகையில் நிலத்துக்குத் திரும்பாவிடில், எம்முறையிலும் மண் காலப்போக்கில் வறியதாகும்.

இயற்கை எதிரிகள்

வயலில் காணப்படும் பூச்சிகள் அனைத்தும் பயிரைத் தின்பவை அல்ல. சிலந்தி, பொறிவண்டு, ஒட்டுண்ணிக் குளவி போன்றவை பயிருண்ணும் பூச்சிகளை உணவாகக் கொள்கின்றன. இவற்றுக்கு ஆண்டு முழுவதும் உணவும் உறைவிடமும் வேண்டும். வரப்பில் தட்டைப்பயறு வளர்ப்பதும், பூக்கும் செடிகளை விட்டுவைப்பதும் இதற்காகவே.

கலப்புப் பயிரும் நிலச் சமன் விகிதமும்

கலந்து விதைப்பதால் பயன் உண்டா என்பதை அளக்க நிலச் சமன் விகிதம் பயன்படுகிறது. கலப்பில் கிடைத்த விளைச்சலைத் தனிப்பயிரின் விளைச்சலால் வகுத்து, அனைத்துப் பயிர்களுக்கும் கூட்டினால் இது கிடைக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். ஓர் ஏக்கரில் நிலக்கடலையைத் தனியே விதைத்தால் 800 கிலோவும், துவரையைத் தனியே விதைத்தால் 400 கிலோவும் விளைகின்றன. ஊடுபயிராக விதைக்கும்போது நிலக்கடலை 600 கிலோவும் துவரை 240 கிலோவும் கிடைக்கின்றன. விகிதம் 0.75 + 0.60 = 1.35 ஆகும். அதாவது, ஓர் ஏக்கர் கலப்பில் கிடைப்பதைத் தனித்தனியே விளைவிக்க 1.35 ஏக்கர் தேவைப்படும். இரு பயிர்களின் வேர் ஆழமும், வளரும் காலமும் வேறுபடுவதால் அவை ஒளியையும் நீரையும் பகிர்ந்து கொள்கின்றன. விகிதம் 1க்குக் குறைந்தால் அக்கலப்பு பயனற்றது. எனவே எல்லாக் கலப்பும் நன்மை தரும் என்று கொள்ளலாகாது.

எடுத்துக்காட்டுகள்

இந்தோனேசியாவில் புகையான்

வேளாண் சூழலியலின் வாதத்தை மிகத் தெளிவாக விளக்கும் நிகழ்வு இந்தோனேசியாவின் நெல்வயல்களில் நடந்தது. பசுமைப் புரட்சியின் வழியில் அந்நாடு 1984இல் அரிசியில் தன்னிறைவு அடைந்தது. பூச்சிக்கொல்லிகளுக்கு அரசு பெரும் மானியம் வழங்கியது. ஆனால் 1970களிலேயே தலைகாட்டிய புகையான் என்னும் தத்துப்பூச்சி, 1980களின் நடுவில் சாவகத் தீவில் மீண்டும் பெருகியது. தாக்கப்பட்ட பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்து, புகைந்து தீய்ந்தது போல் தோன்றும்.

மருந்து தெளித்த வயல்களிலேயே புகையான் மிகுதியாகக் காணப்பட்டது. இதற்குக் காரணம் உண்டு. புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் இடுகிறது. அங்கு மருந்து எளிதில் எட்டுவதில்லை. தாய்ப்பூச்சிகள் மடிந்தாலும் முட்டைகள் பொரிக்கும். அதே மருந்து வயலிலிருந்த சிலந்திகளையும், புகையானின் முட்டைகளை உண்ணும் நாவாய்ப்பூச்சிகளையும் அழித்துவிடும். ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறையை முடிக்கும் புகையான், எதிரிகளற்ற வயலில் கட்டுக்கடங்காமல் பெருகும். சிக்கலைத் தீர்க்க வேண்டிய மருந்தே சிக்கலை உண்டாக்கியது.

1986 நவம்பரில் அந்நாட்டு அதிபர் ஆணை ஒன்றின் மூலம் 57 பூச்சிக்கொல்லித் தயாரிப்புக்களை நெல்லில் பயன்படுத்தத் தடை விதித்தார். மானியமும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989இல் நிறுத்தப்பட்டது. பூச்சிக்கொல்லிப் பயன்பாடு பெரிதும் குறைந்தது. நெல் விளைச்சல் அதனால் வீழவில்லை.

தடையோடு அரசு நின்றுவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1989 முதல் உணவு வேளாண்மை அமைப்பின் துணையுடன் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஏறத்தாழ 25 உழவர்கள் ஒரு பருவம் முழுவதும் வாரம் ஒருமுறை வயலில் கூடி, பயிரையும் பூச்சிகளையும் எண்ணி, கண்டதைத் தாளில் வரைந்து, மருந்து தேவையா இல்லையா என்று தாங்களே முடிவெடுத்தனர். பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் உழவர்கள் இப்பள்ளிகளில் பங்கேற்றனர்.

1996இல் வெளியான ஓர் ஆய்வு, இவ்வயல்களில் சிலந்திகள் முன்கூட்டியே பெருகியிருப்பதன் காரணத்தை விளக்கியது. நடவுக்குப் பின் பயிருண்ணும் பூச்சிகள் வருவதற்கு முன்பே, மட்கும் பொருளையும் நீரிலுள்ள நுண்ணுயிரிகளையும் உண்டு வாழும் சிறு பூச்சிகள் வயலில் பெருகுகின்றன. சிலந்திகள் அவற்றை உண்டு எண்ணிக்கையில் வளர்கின்றன. பின்னர் புகையான் வரும்போது அதனை எதிர்கொள்ளும் படை அணியமாக இருக்கிறது. மண்ணில் தொழுவுரமும் மட்கும் பொருளும் இருப்பது உரத்துக்காக மட்டுமன்று, பூச்சிக் கட்டுப்பாட்டுக்கும்தான் என்பது இதனால் புலனாகியது.

இவ்வெற்றி நிலையானதாக அமையவில்லை. பின்னாளில் பூச்சிக்கொல்லி விற்பனை மீண்டும் பெருகியது. 2009 முதல் 2011 வரையிலான காலப்பகுதியில் சாவகத்தில் புகையான் தாக்குதல் மறுபடியும் பெரிய அளவில் ஏற்பட்டது.

கென்யாவில் தள்ளி இழுக்கும் முறை

கிழக்கு ஆப்பிரிக்காவில் மக்காச்சோளத்தைத் தண்டுத் துளைப்பானும், வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லிக் களையும் அழிக்கின்றன. நைரோபியிலுள்ள பன்னாட்டுப் பூச்சியியல் ஆய்வு மையமும் இங்கிலாந்தின் உரோதாம்சுடெட் ஆய்வு நிலையமும் கென்ய ஆய்வு நிறுவனங்களும் இணைந்து 1990களில் இதற்கு ஒரு தீர்வு கண்டன.

வரிசைகளுக்கு இடையே டெசுமோடியம் என்னும் பயறுவகைத் தீவனச் செடியும், வயலைச் சுற்றி நேப்பியர் புல்லும் வளர்க்கப்படுகின்றன. டெசுமோடியத்தின் மணம் அந்துப்பூச்சியைத் துரத்துகிறது. நேப்பியர் புல்லின் மணம் அதனை ஈர்க்கிறது. புல்லில் இடப்படும் முட்டைகளிலிருந்து வரும் புழுக்களில் மிகச் சிலவே பிழைக்கின்றன. புல்லில் கசியும் பசையில் அவை சிக்கிக் கொள்கின்றன. டெசுமோடியத்தின் வேர்க்கசிவு, சுடுமல்லி விதையை முளைக்கச் செய்து, ஆனால் மக்காச்சோள வேரில் ஒட்டவிடாமல் தடுத்து அழிக்கிறது. இரு செடிகளும் மாட்டுக்குத் தீவனமாகின்றன. டெசுமோடியம் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கிறது.

டெசுமோடிய விதை கிடைப்பதில் உள்ள இடர்ப்பாடும், நேப்பியர் புல்லைத் தாக்கும் குட்டை நோயும் இம்முறையின் பரவலுக்குத் தடைகளாக உள்ளன.

யுன்னானில் நெல் கலப்பு

சீனாவின் யுன்னான் மாநிலத்தில் பசை நெல் வகைகள் குலைநோயால் பெரிதும் பாதிக்கப்பட்டன. 1998, 1999 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான உழவர்களின் வயல்களில், நோய் எதிர்க்கும் வீரிய நெல்லின் வரிசைகளுக்கு இடையே பசை நெல் நடப்பட்டது. 2000இல் வெளியான முடிவுகளின்படி, தனியே நட்ட பசை நெல்லைவிடக் கலப்பில் நட்ட பசை நெல்லில் குலைநோயின் கடுமை 94 சதவீதம் குறைவாகவும், விளைச்சல் 89 சதவீதம் கூடுதலாகவும் இருந்தன. உயரமான பசை நெல்லின் கதிர்களில் ஈரம் குறைந்ததும், நோய் வித்துக்கள் அடுத்த பசை நெல் வரிசையை எளிதில் அடைய முடியாததும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

நைசரில் மரங்கள்

மேற்கு ஆப்பிரிக்காவின் நைசர் நாட்டில் 1980கள் முதல் உழவர்கள், வயலில் வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பவற்றைப் பாதுகாத்து வளர்த்தனர். மழைக்காலத்தில் இலையுதிர்க்கும் இயல்புடைய ஒரு வகை வேல மரம் இங்கு சிறப்பாகப் பேணப்பட்டது. பயிர் வளரும் பருவத்தில் அது நிழலால் மறைப்பதில்லை. உதிர்ந்த இலை உரமாகிறது. இவ்வாறு ஏறத்தாழ 50 இலட்சம் எக்டேர் நிலத்தில் மரங்கள் மீண்டன. முன்பு மரங்கள் அரசுக்கு உரியவையாகக் கருதப்பட்டன. மரத்தின் பயன் தமக்கே கிட்டும் என்ற நிலை உருவான பின்னரே உழவர்கள் அவற்றைப் பேண முன்வந்தனர். தொழில்நுட்பம் மட்டுமின்றி உரிமையும் இதில் பங்கு வகிக்கிறது என்பதற்கு இது சான்றாகும்.

மாற்றத்தின் படிநிலைகள்

கிளீசுமன் இம்மாற்றத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்.

1. இடுபொருட்களை வீணாக்காமல் திறம்படப் பயன்படுத்தல்.
2. கேடு விளைவிக்கும் இடுபொருட்களுக்குப் பதிலாக மாற்றுப் பொருட்களைப் பயன்படுத்தல்.
3. சிக்கல்கள் எழாத வகையில் பண்ணையையே மறுவடிவமைப்பு செய்தல்.
4. உற்பத்தி செய்வோரையும் உண்போரையும் நேரடியாக இணைத்தல்.
5. சமத்துவமும் பங்கேற்பும் கொண்ட புதிய உணவு முறையை உலக அளவில் அமைத்தல்.

யூரியாவை நிறுத்தித் தொழுவுரம் வாங்கி இடுவது இரண்டாம் படி மட்டுமே. பயிர்ச்சுழற்சி, பயறு வகைகள், கால்நடை ஆகியவற்றை இணைத்து, வாங்க வேண்டிய தேவையையே குறைப்பது மூன்றாம் படியாகும்.

இலங்கையின் 2021ஆம் ஆண்டுத் தடை

படிகளைத் தாண்டிக் குதித்தால் என்ன நேரும் என்பதற்கு இலங்கையின் பட்டறிவு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. 2021 மே மாதத்தில் அந்நாட்டு அரசு இரசாயன உரங்களையும் வேளாண் வேதிப்பொருட்களையும் இறக்குமதி செய்யத் தடை விதித்தது. நாடு முழுவதும் உடனடியாக இயற்கை வேளாண்மைக்கு மாறும் என அறிவிக்கப்பட்டது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் இம்முடிவின் பின்னணியில் இருந்தது. உழவர்களின் கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து நவம்பரில் தடை விலக்கப்பட்டது. ஆயினும் 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. தேயிலை உற்பத்தியும் குறைந்தது. அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது.

இதன் காரணத்தை எளிய கணக்கால் அறியலாம். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைட்ரஜன் உள்ளது. நூற்றுக்கு 1 பங்கு நைட்ரஜன் கொண்ட மட்குரத்திலிருந்து அதே அளவைப் பெற 4,600 கிலோ தேவை. அதுவும் ஒரே பருவத்தில் முழுமையாகப் பயிருக்குக் கிடைப்பதில்லை; மட்க மட்கச் சிறிது சிறிதாகவே வெளிப்படும். ஒரு நாட்டின் வயல்கள் அனைத்துக்கும் இவ்வளவு மட்குரத்தைச் சில மாதங்களில் திரட்ட இயலாது. பசுந்தாள் உரம், பயறுச் சுழற்சி ஆகியவற்றை வயலில் நிலைநிறுத்தவும் பல பருவங்கள் வேண்டும்.

இத்தடையின் தோல்வியை வேளாண் சூழலியலின் தோல்வியாகச் சிலர் கருதுகின்றனர். ஆனால் அங்கு நிகழ்ந்தது இடுபொருளை அகற்றியது மட்டுமே. அதன் பணியை ஏற்கும் உயிரியல் செயல்முறைகள் உருவாக்கப்படவில்லை. இந்தோனேசியாவிலும் தடை விதிக்கப்பட்டது. ஆனால் அங்கு தடைசெய்யப்பட்ட பொருளின் பணியைச் செய்யும் சிலந்திகள் வயலில் ஏற்கெனவே இருந்தன. தழைச்சத்துக்கு அத்தகைய ஆயத்தநிலை இலங்கை வயல்களில் இல்லை.

இயற்கை வேளாண்மையுடன் ஒப்பீடு

சான்றளிக்கப்பட்ட இயற்கை வேளாண்மை, எவற்றைப் பயன்படுத்தலாகாது என்பதை விதிகளால் வரையறுக்கிறது. வேளாண் சூழலியலுக்கு அத்தகைய பொதுச் சான்றிதழ் இல்லை. இயற்கை உரம் மட்டும் இட்டு ஒரே பயிரைப் பெரும் பரப்பில் விளைவிக்கும் பண்ணை, சான்றிதழ் பெறலாம். ஆனால் வேளாண் சூழலியல் நோக்கில் அது முதிர்ந்த வடிவம் அன்று. மறுபுறம், சிறிதளவு இரசாயன உரம் இடும் கலப்புப் பண்ணை மாற்றத்தின் பாதையில் இருப்பதாகக் கொள்ளப்படும்.

இவ்வேறுபாடு விளைச்சலிலும் தெரிகிறது. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, இயற்கை வேளாண்மையின் விளைச்சல் வழக்கமான வேளாண்மையைவிடச் சராசரியாக 19 சதவீதம் குறைவு. ஆனால் இயற்கைப் பண்ணைகள் கலப்புப் பயிர் அல்லது பயிர்ச்சுழற்சியைப் பின்பற்றியபோது இவ்விடைவெளி 8 அல்லது 9 சதவீதமாகச் சுருங்கியது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

சிக்கிம் மாநிலம் 2016இல் முழு இயற்கை வேளாண்மை மாநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆந்திரப் பிரதேசத்தில் பூச்சிக்கொல்லியற்ற பயிர்ப் பாதுகாப்பில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பெற்ற பட்டறிவின் மேல், 2016இல் இயற்கை வேளாண்மைத் திட்டம் தொடங்கப்பட்டது. இம்முறையைக் கைக்கொண்ட உழவர்களே பிற உழவர்களுக்குப் பயிற்சி அளிப்பது இத்திட்டத்தின் சிறப்பாகும்.

தமிழ்நாட்டின் மரபான பயிர்முறைகள் பலவற்றில் வேளாண் சூழலியல் கோட்பாடுகளைக் காணலாம். காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடையை ஒட்டி, எஞ்சிய ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் விளைவிக்கப்படுகின்றன. தக்கைப்பூண்டு, சணப்பை, கொளிஞ்சி ஆகியவற்றை வளர்த்து மடக்கி உழுவதும், அறுவடைக்குப் பின் வயலில் ஆட்டுக்கிடை போடுவதும் சத்துச் சுழற்சிக்கு எடுத்துக்காட்டுக்கள். கோ. நம்மாழ்வார் (1938–2013) இத்தகைய முறைகளை மீட்டெடுக்கப் பரப்புரை செய்தார். திருத்துறைப்பூண்டியைச் சேர்ந்த நெல் செயராமன் மரபு நெல் வகைகளைத் திரட்டி, விதைத் திருவிழாக்கள் மூலம் உழவரிடையே பரப்பினார். தமிழ்நாடு அரசு 2023இல் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது.

விமர்சனங்கள்

* கலப்புப் பயிரும் மட்குரம் தயாரிப்பும் கூடுதல் உழைப்பைக் கோருகின்றன. ஆட்கூலி உயர்ந்த இடங்களில் இது பெரும் தடையாகும். குடும்பத்தில் அக்கூடுதல் உழைப்பு பெரும்பாலும் பெண்கள் மீது விழக்கூடும்.
* பலவகைப் பயிர்களை ஒருசேர அறுவடை செய்யத் தக்க எந்திரங்கள் குறைவு.
* மண்வளம் கூடப் பல ஆண்டுகள் ஆகும். ஆண்டுதோறும் குத்தகை மாறும் நிலத்தில் உழவர் அதற்கு முதலீடு செய்யத் தயங்குவர்.
* அறிவு தானாகப் பரவும் என்ற எதிர்பார்ப்பு எப்போதும் நிறைவேறுவதில்லை. இந்தோனேசிய வயல்வெளிப் பள்ளிகள் பற்றி 2004இல் வெளியான ஓர் ஆய்வு, பயிற்சி பெற்றோரிடமும் அவர்களின் அண்டை உழவரிடமும் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காணவில்லை. வேறு ஆய்வுகள் பூச்சிக்கொல்லிப் பயன்பாடு குறைந்ததாகக் கூறுகின்றன.
* கியூபாவில் 1990களில் சோவியத் உதவி நின்றபின் இம்முறைகள் பரவலாகக் கைக்கொள்ளப்பட்டன. ஆயினும் அந்நாடு தன் உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நிலை மாறவில்லை எனத் திறனாய்வாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

ஆதரவாளர்கள், விளைச்சலை ஒரே பயிரின் எடையால் மட்டும் அளப்பது பொருந்தாது என்கின்றனர். இடுபொருள் செலவு, உழவரின் கடன், நீரின் தூய்மை, வறட்சியைத் தாங்கும் திறன், உணவின் பன்மை ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அவர்களின் வாதம்.

இவற்றையும் பார்க்க

* இயற்கை வேளாண்மை
* பசுமைப் புரட்சி
* ஊடுபயிர்
* பயிர்ச்சுழற்சி
* ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை
* காடுவேளாண்மை
* கோ. நம்மாழ்வார்